முதல்ல பேசுறது யாரு

எங்க வீட்டுக்காரருக்கு சிங்கப்பூர்ல வேலை கிடைச்சிருக்குங்கிற சேதி எனக்கு எங்க தெரிஞ்சுச்சு தெரியுமா? மாமியார் ஊரான ரந்தாவ்ல, வாராவாரம் காய் வாங்கப் போற பாசார்ல, கத்திரிக்காய் பொறுக்கிக்கிட்டு இருக்கும்போது. சொன்னது யாரு? கத்திரிக்காய் விக்கிறவ. "என்னா நீலா, வீட்டைக் காலி பண்ணப் போறீங்களாமே? சிங்கப்பூர்ல காய்கறியெல்லாம் விலை கூட லா"ன்னு சொல்லிட்டு, பாவம், ரெண்டு காய் சும்மா போட்டா. நான் பல்லைக் காட்டிச் சிரிச்சு வச்சேன்.

ஊரு பூரா தெரியும், பொண்டாட்டிக்குத் தெரியாது. எப்படி இருக்கும் சொல்லுங்க?

நடந்தது இதுதான். நானும் என் வீட்டுக்காரர் அர்ச்சுனனும் ஒரே கம்பெனியில புரோகிராமர். சிரம்பான் லோபாக்ல ஒரு மளிகைக் கடைக்கு மேல மாடியில ஆபீஸ். பாஸ் பேரு மெய்யப்பன், செட்டியார் வீட்டுப் பிள்ளை. அண்ணன் தம்பியெல்லாம் குடும்பத் தொழிலைப் பார்க்க, இவரு மட்டும் இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்தான்னு தனியாக் கிளம்பி வந்தவரு. 1988-ல அப்படிக் கிளம்புறதுக்கு ஒரு துணிச்சல் வேணும். துணிச்சலைத் தவிர அவருகிட்ட இருந்தது நாங்க ரெண்டு பேருதான்.

அந்த ஆபீசுக்குப் புது மிஷின் பொருத்த சிங்கப்பூர்ல இருந்து ஒரு சீன எஞ்சினியர் வந்திருந்தாரு. எங்க வீட்டுக்காரர் வேலை செய்யுறதைப் பார்த்து ஆசைப்பட்டு, எங்க கம்பெனிக்கு வர்றியான்னு கேட்டிருக்காரு. அங்க அவங்க ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையே சொந்தமா எழுதுறாங்க. அதாவது மிஷினுக்குள்ள எல்லாத்தையும் மேய்க்கிற, தோட்டத்துக் கங்காணி மண்டோர் மாதிரி ஒரு புரோகிராம் இருக்கும், அதையே. இவரு யோசிக்கிறேன்னு சொல்லிட்டு ஒரு போன் நம்பரைக் கொடுத்திருக்காரு. சிரம்பான்ல எங்க வாடகை வீட்டுல போன் கிடையாது. ஆபீஸ் நம்பரைக் கொடுத்தா பாஸ் எடுத்துத் தொலைப்பாரு. அதனால ரந்தாவ்ல அவங்க அம்மா வீட்டுக்குப் பக்கத்துக் கடை நம்பரைக் கொடுத்திருக்காரு. என்னா மூளை!

போன் வந்தது. கடைக்காரர் எடுத்தாரு. வேலை உறுதி, வர்ற வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள சரின்னு ஒரு வார்த்தை சொல்லணும், இல்லன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்னு சேதி. கடைக்காரர் ஓடிப்போய் என் மாமியார் மயிலம்மாள்கிட்ட சொன்னாரு. என் மாமியாருக்கு ஒண்ணு தெரிஞ்சா கோயில்ல மைக் வச்ச மாதிரி. மகனுக்குச் சொல்லி அனுப்பினாங்க, மிச்ச ஊருக்கு நேர்லயே போய்ச் சொன்னாங்க. மருமகளை மறந்துட்டாங்க.

இப்ப நீங்க நினைப்பீங்க, எனக்கு சிங்கப்பூர் போகப் பிடிக்கல, அதான் கோபம்னு. அதான் இல்ல! தோட்டத்து வரிசை வீடான லயத்து வீட்டுல பிறந்து, பாமாயில் எடுக்கிற செம்பனைக்கு நடுவுல வளர்ந்து, கம்ப்யூட்டர் படிக்கிறேன்னு ஒத்தக்கால்ல நின்னவ நான். ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுதுற ஊருன்னா எனக்குக் கசக்குமா? "நீலா, இப்படி ஒரு வேலை வந்திருக்கு, போவோமா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே பெட்டியைக் கட்டியிருப்பேன். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வேணும். அதை அவரு வாயால சொல்லணும். நானாப் போய், "ஏங்க, உங்களுக்கு வேலை கிடைச்சிருக்காமே"ன்னு கேக்கறதா? நான் என்ன கத்திரிக்காய்க்காரியா?

கத்திரிக்காயைக் கொண்டு வந்து அடுப்படியில ‘டொம்’முன்னு வச்சேன். அவரு என் மூஞ்சியைப் பார்த்தாரு. வாயைத் திறந்தாரு. மூடிட்டாரு. அவ்வளவுதான், அன்னையில இருந்து எங்க வீட்டுல பேச்சு நின்னு போச்சு.

நின்னா நின்னுட்டுப் போகுது, வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லித்தானே ஆகணும்னு நான் இருந்தேன். ஆனா பாருங்க, கெரகம், அந்த வாரம்தான் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலையை முடிக்க வேண்டிய வாரம்.

லிங்கிக்குப் பக்கத்துல ஒரு செம்பனைத் தோட்டம். மில்லுக்குச் செம்பனைப் பழக் குலை ஏத்திக்கிட்டு வர்ற லோரி முதல்ல தராசு மேல ஏறி நிக்கும். எடை பார்த்ததும் முன்னால இருக்கிற தடுப்புக் கட்டையைத் தூக்கி உள்ள விடணும். அதுவரைக்கும் ஒரு கிராணி, அதான் கணக்கெழுதுற குமாஸ்தா, எடையை எழுதிக்கிட்டு, கட்டையைக் கயித்தால இழுத்துக்கிட்டு இருந்தாரு. நாங்க அதை மிஷின் செய்யுற மாதிரி மாத்தித் தர்றோம். தராசைப் படிக்கிற புரோகிராம் என்னோடது. கட்டையைத் தூக்குற புரோகிராம் அவரோடது. ரெண்டும் ஒரே மிஷின்ல, ஒரே நேரத்துல ஓடும்.

இதுல ஒரு சங்கதி இருக்கு. ஒரே மிஷின்ல ஓடுற ரெண்டு புரோகிராமும் ஒரே லயத்துல அடுத்தடுத்த வீட்டுல குடியிருக்கிற மாதிரி. நடுவுல சுவரு. இவங்க சட்டிக்குள்ள அவங்க கை விட முடியாது, ஆப்பரேட்டிங் சிஸ்டம் விடாது. ஏதாவது சொல்லணும்னா சேதியை ஆப்பரேட்டிங் சிஸ்டம்கிட்ட கொடுக்கணும், அது கொண்டு போய் அடுத்தவங்க பெட்டியில போடும், அவங்க எடுத்துப் பார்த்துட்டு அதே மாதிரி பதில் அனுப்பணும். ஆனா என்னென்ன சேதி, எது முதல்ல, எதுக்கு என்ன பதில், இதையெல்லாம் எழுதுறதுக்கு முன்னாலயே ரெண்டு பக்கத்து ஆளும் உக்காந்து பேசி முடிவு பண்ணணும். அதுக்குப் பேருதான் இன்டர்பேஸ்.

உக்காந்து பேசி! நாங்க ரெண்டு பேரும்!

திங்கக்கிழமை காலையில பாஸ் எங்க ரெண்டு மேசைக்கும் நடுவுல நாற்காலியைப் போட்டு உக்காந்தாரு. கையில சாக்பீஸ், பக்கத்துல கரும்பலகை. "ஆரம்பிப்போமா?"ன்னாரு.

"பாஸ், எடை கிலோவுல வரும்னு சொல்லுங்க"ன்னேன்.

"யாருகிட்ட சொல்லணும்?"

"தடுப்பு எழுதுறவருகிட்ட."

பாஸ் திரும்பினாரு. "அர்ச்சுனன், எடை கிலோவுல வருமாம்."

"எனக்குக் காது நல்லாக் கேக்குதுன்னு சொல்லுங்க பாஸ்."

பாஸ் இந்தப் பக்கம் திரும்பினாரு. "நீலாவதி, அவருக்குக் காது..."

"கேட்டுச்சு பாஸ்."

அந்தப் பக்கம், இந்தப் பக்கம், மறுபடி அந்தப் பக்கம். மத்தியானம் ஆகறதுக்குள்ள அவரு கழுத்து பிடிச்சுக்கிட்டு, கோடாலித் தைலம் தேய்ச்சுக்கிட்டு இருந்தாரு. பாவம், கல்யாணம் ஆகாத மனுஷன், புருஷன் பொண்டாட்டி சண்டைன்னா என்னான்னே தெரியாது. கம்ப்யூட்டர் படிச்சவங்க இப்படித்தான் மரியாதையாப் பேசிக்குவாங்க போலன்னு நினைச்சுக்கிட்டாரு.

இருந்தாலும் கரும்பலகையில எல்லாம் ஏறிச்சு. 'தயாரா?'ன்னு ஒருத்தர் கேக்கணும். 'தயார்'னு இன்னொருத்தர் சொல்லணும். அப்புறம் எடை. அப்புறம் 'தூக்கு'. அப்புறம் 'தூக்கியாச்சு'. ஒவ்வொரு சேதிக்கும் எத்தனை எழுத்து, எந்த இடத்துல என்ன எண், எல்லாம் அச்சு மாதிரி எழுதினாரு. ஒண்ணே ஒண்ணை மட்டும் யாரும் எழுதல. அந்த முதல் 'தயாரா?'வை யாரு கேக்கறதுன்னு.

பாஸுக்கு அது தோணல. எனக்கு அதைக் கேக்கணும்னே தோணல, ஏன்னா பதில் எனக்குத் தெரியும். அவருதான் முதல்ல பேசணும்! வீட்டுலயே அவருதானே பேசணும், ஆபீஸ்ல மட்டும் நான் முந்திக்கணுமா? என் புரோகிராமை அப்படித்தான் எழுதினேன். தராசு கம்முன்னு உக்காந்திருக்கும். தடுப்பு வந்து மரியாதையா 'தயாரா?'ன்னு கேட்டா, 'தயார்'னு சொல்லும்.

சோதிச்சுப் பார்க்க ரெண்டையும் சேர்த்து ஓட விடணும். அதுக்கு ரெண்டு பேரும் ஒரே மேசையில உக்காரணும். யாரு உக்காருவா? நான் என் மேசையிலயே ஒரு பொய்த் தடுப்பை எழுதிக்கிட்டேன். சின்ன புரோகிராம்தான், அவரு புரோகிராம் மாதிரி நடிக்கும். அடடா, அந்தப் பொய் அர்ச்சுனனுக்கு என்ன மரியாதை, என்ன பணிவு! மிஷினைப் போட்டதுமே முதல் ஆளா வந்து 'தயாரா?'ன்னு கேக்கும். எனக்குப் பார்க்கப் பார்க்க ஆசையா இருந்துச்சு. என் தராசு டக்கு டக்குன்னு பதில் சொல்லிச்சு. பாஸ் வந்து பார்த்துட்டுக் கை தட்டினாரு.

அந்தப் பக்கம் போய் அவரு திரையைப் பார்த்தும் கை தட்டினாரு. அங்கயும் எல்லாம் டக்கு டக்குன்னு ஓடிச்சு. அவரும் ஒரு பொய்த் தராசை எழுதி வச்சிருந்தாரு போல. அது எவ்வளவு பணிவா முதல்ல பேசியிருக்கும்னு எனக்கு அப்பத் தெரியல.

செவ்வாய் போச்சு, புதன் போச்சு. வீட்டுல சோறு, குழம்பு, தட்டு, தண்ணி எல்லாம் அதது இடத்துக்கு வந்துச்சு, வார்த்தை மட்டும் வரல. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்காருன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். வியாழக்கிழமை ஒரு தடவை, "நீ..."ன்னு ஆரம்பிச்சாரு. நான் நிமிர்ந்து பார்த்தேன். கொஞ்சம் முறைச்சுப் பார்த்துட்டேன்னு நினைக்கிறேன். "நீ... நீர்மோர் இருக்கா?"ன்னு முடிச்சாரு. எடுத்து வச்சேன். அதுக்கப்புறம் நான் படுக்கையில போய் அழுதேன். அவருக்குத் தெரியாமத்தான் அழுதேன்.

வெள்ளிக்கிழமை காலையில ஒரே மோட்டர்சைக்கிள்லதான் லிங்கிக்குப் போனோம். நடுவுல என் பையை வச்சுக்கிட்டேன். மிஷினைத் தூக்கிக்கிட்டு பாஸ் தன் காடியில, அதான் கார்ல, முன்னால போனாரு. இன்னைக்குப் பன்னெண்டு மணி. இவரு சரின்னு போன் போட்டா எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமப் போட்டாருன்னு அர்த்தம். அப்படிப் போட்டாருன்னா அப்புறம் அந்த மனுஷனோட நான் எந்த ஊர்ல குடியிருந்து என்ன பிரயோஜனம்? வழி பூரா இதுதான் என் மண்டையில ஓடிச்சு.

மில் மேனேஜர் ராமகிருஷ்ணன் வாசல்லயே நின்னாரு. பெரிய மீசை. "பழைய கயித்தை நேத்தே அறுத்துட்டாங்க. உங்க மிஷின் ஓடலன்னா ஒரு லோரி உள்ள போகாது. வெட்டின குலை இன்னைக்கே வேகணும், இல்லன்னா எண்ணெய் கெட்டுப் போயிடும். தெரியும்ல?"ன்னாரு. பாஸ் எல்லாம் தெரியும்னு சொல்லிக்கிட்டே நெத்தியைத் துடைச்சாரு.

தராசுக்குப் பக்கத்து அறையில ஒரு மிஷின், ரெண்டு திரை, ரெண்டு கீபோர்டு. நானும் அவரும் முதுகுக்கு முதுகு உக்காந்தோம். அறை மூலையில ஒரு போன், டயல்ல யாரும் சுத்த முடியாதபடி சின்னப் பூட்டு. சாவி மேனேஜர் இடுப்புல தொங்கிச்சு. எங்க வீட்டுக்காரர் உள்ள நுழைஞ்சதும் முதல்ல பார்த்தது அந்தப் போனைத்தான். நான் பார்த்ததும் அதைத்தான்.

முதல் லோரி வந்துச்சு. ஓட்டுறவரு பேரு சன்னாசி, வெத்தலை போட்ட வாயி, பேசாம இருக்கத் தெரியாத மனுஷன். லோரி தராசு மேல ஏறி நின்னுச்சு. பாஸ் கையை உயர்த்தி, "இப்ப பாருங்க!"ன்னாரு.

பார்த்தோம்.

பார்த்துக்கிட்டே இருந்தோம். கட்டை அசையல. என் திரையில 'வெயிட்டிங்'னு ஒரு வார்த்தை. சன்னல் கண்ணாடியில அவரு திரை தெரிஞ்சுச்சு. அதுலயும் 'வெயிட்டிங்'.

"என்னாங்க மேடம், உங்க கட்டை நாள் நட்சத்திரம் பார்த்துத்தான் எந்திரிக்குமா?"ன்னு சன்னாசி தலையை வெளிய நீட்டினாரு. பின்னால ரெண்டாவது லோரி வந்து நின்னுச்சு. மூணாவது வந்துச்சு. ஹாரன் சத்தம். பாஸ் மிஷினைத் தட்டினாரு, ஒயரை ஆட்டினாரு, முருகனைக் கூப்பிட்டாரு.

எனக்குப் பார்த்த உடனே விளங்கிடுச்சு. ரெண்டு புரோகிராமும் கெட்டுப் போகல. ரெண்டும் நல்லபடியா வேலை செய்யுது. ரெண்டும் அடுத்தவங்க முதல்ல பேசட்டும்னு உக்காந்திருக்கு. விடிய விடிய உக்காந்திருக்கும், அலுக்காது. இதைச் சரி பண்ண ஒரு நிமிஷம் போதும். நான் திரும்பி, "ஏங்க, உங்க புரோகிராமை முதல்ல பேசச் சொல்லுங்க"ன்னு சொன்னாப் போதும். சொல்ல வேண்டியதுதானே? சொல்ல வாய் வரலையே!

லோரி வரிசை ரோட்டுக்குப் போயிடுச்சு. ராமகிருஷ்ணன் மீசை துடிக்க ஆரம்பிச்சுச்சு. பாஸைப் பார்த்தேன். மனுஷன் சட்டை நனைஞ்சு முதுகுல ஒட்டிப் போச்சு. எங்க கோபத்துக்கு அவரு என்ன பண்ணுவாரு? சரி, தொலையட்டும், என் தராசு இறங்கி வரட்டும்னு முடிவு பண்ணேன். எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லாமயே என் புரோகிராமைத் திறந்து, காத்திருக்கிற இடத்தை அழிச்சுட்டு, லோரி ஏறினதும் தராசே 'தயாரா?'ன்னு முதல்ல கேக்குற மாதிரி மாத்தினேன். எனக்குப் பின்னால அவரும் கீபோர்டைத் தட்டு தட்டுன்னு தட்டிக்கிட்டு இருந்தாரு. என்ன தட்டுறாருன்னு நான் கேக்கல.

மறுபடி ஓட விட்டோம். நான் ஜம்முன்னு உக்காந்து பார்த்தேன்.

'பீப்.' கட்டை ஒரு சாண் எந்திரிச்சுச்சு. படக்குன்னு விழுந்துச்சு. 'பீப்.' எந்திரிச்சுச்சு, விழுந்துச்சு. 'பீப், பீப், பீப்.' ஒவ்வொரு தடவை புரோகிராம் புதுசா ஆரம்பிக்கும்போதும் கட்டையைத் தூக்குற மோட்டரைச் சோதிச்சுப் பார்க்க அவரு அப்படி எழுதி வச்சிருந்தாரு. அது இப்ப நிக்காம ஆரம்பிச்சுக்கிட்டே இருந்துச்சு.

"யம்மாடி! எனக்கு சலாம் போடுது!"ன்னு சன்னாசி கத்தினாரு. பதிலுக்கு அவரும் ஒரு சலாம் வச்சாரு. பின்னால இருந்த டிரைவருங்கல்லாம் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தாங்க. ஒருத்தன் கட்டை எத்தனை தடவை எந்திரிக்கும்னு பந்தயம் கட்டினான். ராமகிருஷ்ணன், "கயிறு கொண்டாங்கடா, கயிறு!"ன்னு மில்லுக்குள்ள ஓடினாரு. பாஸ் தரையிலயே உக்காந்துட்டாரு.

அந்த நேரம் பார்த்து மில் சங்கு ஊதுச்சு. பன்னெண்டு மணி.

மெதுவாத் திரும்பினேன். இவரு நாற்காலியிலதான் இருந்தாரு. அந்தப் போனைப் பார்த்துக்கிட்டு, ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிட்டு இருந்தாரு. எந்திரிக்கல. சாவி கேக்கல. சங்கு ஊதி முடிஞ்சும் அப்படியே இருந்தாரு. முகம் செத்துப் போயிருந்துச்சு.

எனக்கு ஒண்ணும் விளங்கல. என் திரையைப் பார்த்தேன். ஏன் 'பீப்' போடுதுன்னு அங்க காரணம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. என் தராசு 'தயாரா?'ன்னு கேட்டுட்டு 'தயார்'ங்கிற பதிலுக்காக நிக்குது. பதிலுக்குப் பதிலா அந்தப் பக்கத்துல இருந்தும் 'தயாரா?'ன்னே வருது. இது என்னடா தப்பான பதில்னு ரெண்டும் குழம்பி, படுத்து எந்திரிச்சு, மறுபடி கேக்குது. அதாவது, நான் என் புரோகிராமை மாத்துன அதே நேரத்துல அவரும் தன்னோடதை மாத்தியிருக்காரு. அவரும் இறங்கி வந்திருக்காரு! அந்தத் திரையில அவரு புரோகிராம் நிறுத்தாம என்னைக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. தயாரா, தயாரா, தயாரான்னு.

அதுக்கு மேல எனக்குத் தாங்கல.

"ஏங்க"ன்னேன்.

பழக்க தோஷத்துல தரையில இருந்து பாஸ், "அர்ச்சுனன், உங்களைக் கூப்பிடுறாங்க"ன்னாரு.

"கேட்டுச்சு பாஸ்"னு சொல்லிட்டு இவரு நாற்காலியைத் திருப்பினாரு. "என்ன நீலா?"

"நான் முதல்ல பேசுற மாதிரி மாத்திட்டேங்க."

"நானும்தான் மாத்தினேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீ சொன்னியா?"

"பேசிட்டாங்க!"ன்னு பாஸ் துள்ளி எந்திரிச்சாரு. அப்பத்தான் அவருக்கே உறைச்சிருக்கு, இத்தனை நாளா நாங்க பேசலன்னு.

முதுகுக்கு முதுகு இருந்த நாற்காலியை ஒரே திரைக்கு முன்னால இழுத்துப் போட்டோம். லோரி வந்தது தராசுக்குத்தான் முதல்ல தெரியும், அதனால தராசுதான் முதல்ல பேசணும்னு அவரு சொன்னாரு. சரின்னேன். தடுப்பு மறுபடி கம்முன்னு இருக்கட்டும், ஆனா கேட்டா உடனே பதில் சொல்லணும்னு நான் சொன்னேன். சரின்னாரு. "பதில் வரலன்னா?"ன்னு கேட்டாரு.

"சும்மா உக்காந்திருக்கக் கூடாது. மறுபடி கேக்கணும். அதுக்கும் வரலன்னா மணி அடிச்சு ஆளைக் கூப்பிடணும். பதில் வரல, அதனால வேணாம்னுதான் அர்த்தம்னு தானா முடிவு பண்ணிக்கிட்டுப் போயிடக் கூடாது"ன்னேன்.

அவரு கை கீபோர்டு மேல அப்படியே நின்னுச்சு. அப்புறம் நான் சொன்னபடியே தட்டினாரு.

ஓட விட்டோம். கட்டை அழகா எந்திரிச்சுச்சு. சன்னாசி போகும்போது, "இவ்வளவு நேரம் நின்னதுக்கு என் குலை தானா வெந்துருச்சு"ன்னு சொல்லிட்டுப் போனாரு. கயித்தோட ஓடி வந்த ராமகிருஷ்ணன் கயித்தைக் கையில வச்சுக்கிட்டே ஒவ்வொரு லோரியா உள்ள போறதைப் பார்த்தாரு. மீசை அடங்கிச்சு.

வரிசை குறைஞ்சதும் இவரை வெளிய கூப்பிட்டுக்கிட்டுப் போனேன். பழைய லோரி டயர் ஒண்ணு கிடந்துச்சு. "ஏன் போன் போடல?"ன்னு கேட்டேன்.

"எந்தப் போன்?"

"அடி வாங்கப் போறீங்க. ரந்தாவ் பூரா தெரியும்."

அவரு கீழ பார்த்தாரு. "பாசார்ல இருந்து வந்தப்பவே உன் மூஞ்சியைப் பார்த்தேன். உனக்குத் தெரிஞ்சிருச்சு, பிடிக்கலன்னு நினைச்சேன்."

"பிடிக்கலன்னு நான் சொன்னேனா?"

"ஒண்ணுமே சொல்லலையே."

"அப்புறம்?"

"அதான் பதில்னு எடுத்துக்கிட்டேன். உனக்குப் பிடிக்காத ஊருக்கு நான் மட்டும் போய் என்ன பண்றது? விட்டுட்டேன்."

நான் தலையில அடிச்சுக்கிட்டேன். நிஜமாவே அடிச்சுக்கிட்டேன், வளையல் ஒண்ணு உடைஞ்சுச்சு. "ஐயோ, எனக்குப் போகணும்ங்க! எனக்கு அவ்வளவு ஆசைங்க! நீங்க கேப்பீங்க, கேப்பீங்கன்னு ராப்பகலாக் காத்துக்கிட்டு இருந்தேன்!"ன்னு சொல்லும்போதே அழுகை வந்துருச்சு.

அவரு அந்த டயர் மேல உக்காந்துட்டாரு. "எனக்கும்தான் ஆசை"ன்னாரு. சின்னப் பிள்ளை மாதிரி சொன்னாரு.

கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஓடினேன். "சார், போன் சாவி கொடுங்க, சிங்கப்பூருக்குப் பேசணும்"னு ராமகிருஷ்ணன் இடுப்புல இருந்து நானே பறிக்காத குறை. இவரு டயலைச் சுத்தினாரு. நான் போனுக்கு இந்தப் பக்கம் காதை வச்சேன். அந்தச் சீன எஞ்சினியர்தான் எடுத்தாரு. நல்ல மனுஷன், குரலே வருத்தமா இருந்துச்சு. பன்னெண்டு வரைக்கும் பார்த்தேன் லா, சத்தமே இல்ல, உனக்கு வேணாம் போலன்னு அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டேன், அவன் உடனே சரின்னுட்டான்னு சொன்னாரு. இவரு பரவாயில்லன்னு சொல்லிட்டுப் போனை வச்சாரு. பரவாயில்லையாம்!

"சிங்கப்பூரா? யாரு போறா?"ன்னு பாஸ் வந்து நின்னாரு. மூஞ்சி வெளுத்துப் போச்சு.

"யாரும் போகல பாஸ். வேலை போயிருச்சு"ன்னாரு இவரு.

"நல்லதாப் போச்சு!"

"பாஸ், கொஞ்சம் வாயை மூடுங்க"ன்னேன். மூடிக்கிட்டாரு. அவரு மேல தப்பில்ல. யாரு மேலதான் தப்புன்னு சொல்றது? என் மேலயா? இல்லவே இல்ல. எங்க வீட்டுக்காரர்தான் முதல்ல கேட்டிருக்கணும், இன்னைக்கும் அதைத்தான் சொல்லுவேன். ஆனா போன வேலை போனதுதான். வந்த மோட்டர்லயே ஏறினேன். பையைத் தோள்ல மாட்டிக்கிட்டேன்.

தோட்டத்து வாசலைத் தாண்டுறதுக்குள்ள ஆரம்பிச்சேன். காத்துல காது கேக்காதுல்ல, அதனால கத்தினேன். எங்கிட்டக் கேக்காம உங்க அம்மா கடை நம்பரை ஏன் கொடுத்தீங்கன்னு கேட்டேன். நீ ஏன் முறைச்சன்னு அவரும் கத்தினாரு. நான் எங்க முறைச்சேன்னேன். முறைச்ச, நீர்மோர் கேட்டப்ப முறைச்சன்னு சொன்னாரு. "அப்ப நீங்க நீர்மோர் கேக்க வரலையா?"ன்னேன். "நீர்மோர் யாருக்கு வேணும்! சிங்கப்பூர் போவோமான்னு கேக்க வந்தேன்!"னு அவரு கத்தின கத்துல ரோட்டோரத்துல மேஞ்சுக்கிட்டு இருந்த மாடெல்லாம் திரும்பிப் பார்த்துச்சு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அழுகையும் நிக்கல, திட்டுறதையும் விடல. தொண்டை கட்டுற வரைக்கும் திட்டினேன். அவரும் ஒரு வார்த்தைக்கு ரெண்டு வார்த்தை பதில் சொல்லிக்கிட்டே வந்தாரு.

ரந்தாவ் வந்ததும் மோட்டர் மெதுவாச்சு. நேராப் போனா சிரம்பான், வீடு. இந்தப் பக்கம் திரும்பினா போர்ட் டிக்சன், கடல் வரைக்கும் சுத்திக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும்.

"முடிச்சிட்டியா?"ன்னு கேட்டாரு.

"இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கேன்."

அவரு மோட்டரை போர்ட் டிக்சன் பக்கம் திருப்பினாரு.